கல்லறைக்குள் ஒரு கிணறு

விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரம் போகும் வழியில் ஒரு குன்று உண்டு. அதன் மேல் நின்றால் துறைமுகத்தின் நீலக் கிரேன்களுடைய தலை மட்டும் தெரியும். அந்தக் குன்றின் கேட்டில் காவலாளி ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். காலையில் வேலைக்கு வருகிறவர்களின் பெயரை அதில் எழுதவேண்டும். ஏழு மாதமாக அதில் தினமும் ஒரு வரி மாறாமல் இருந்தது: ‘தாசையன் மேஸ்திரியும் ஆறு ஆட்களும்.’

தாசையன் அந்தக் குன்றில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு நேமத்தில் ஒரு கிணற்றில் வடம் நழுவி விழுந்ததில் அவருடைய இடுப்பு போயிற்று. அன்று முதல் ஆட்களைச் சேர்ப்பதும், மண்ணைப் பார்த்து ஆழம் சொல்வதும், முதல் ஆளாக உள்ளே இறங்குவதும் அவர் மனைவி ஜெயபாய்தான். ஆனாலும் வேலை கொடுக்கிறவர்கள் ‘தாசையன் வீட்டுக்காரி வந்திருக்கா’ என்றுதான் உள்ளே தகவல் சொன்னார்கள். மேஸ்திரி என்றால் மீசை இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. ஜெயபாய் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் நோட்டில் அந்த வரி எழுதப்படும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். முதலில் கப்பியில் மண் இழுத்தாள். ஒரு நாள் ஆள் குறைந்தது என்று இறங்கினாள். இறங்கியவள் பிறகு மேலே நிற்கச் சம்மதிக்கவில்லை. தாசையன் விழுந்த பிறகு தானே பொறுப்பேற்றுத் தோண்டிய முதல் கிணறு பாலராமபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில். செம்மண்ணும் வெட்டுகல் என்னும் செம்பாறையும் தாண்டி, சேடி என்று அங்கே சொல்லும் வெள்ளைக் களிமண் தெரிந்ததும் தண்ணீர் ஊறிவிட்டது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், இவளும் வேலையை முடித்துக்கொண்டாள். மார்ச் மாதம் கிணறு வறண்டது. சேடியின் மேல் தேங்கி நின்ற மழைத் தண்ணீர்தான் அது என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் கூப்பிடாமலே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், இன்னும் ஏழு அடி வெட்டி, சேடியைத் துளைத்து, அடியிலிருந்த சரல் என்னும் சரளைக்கல்லைத் தொட்டாள். அந்தக் கிணறு இன்றுவரை வற்றவில்லை. சேடியில் வேலையை நிறுத்தும் பழக்கமும் அவளுக்கு அன்றோடு போயிற்று.

இந்தக் குன்றுக்கு அவள் வந்தது கிணறு வெட்ட அல்ல. கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேஷன், சுற்றுலாக் கூட்டத்தோடு ஒரு தடவை எகிப்துக்குப் போய்வந்தார். பாறையைக் குடைந்து அந்தக் கால ராஜாக்களை அடக்கம் செய்த கல்லறைகளுக்குள் நடந்தவர், திரும்பி வந்தும் அதிலிருந்து வெளியே வரவில்லை. தன் பரம்பரை நிலமான இந்த வெட்டுகல் குன்றில் அதேபோல் ஒன்று குடைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பதினாறு படி இறங்கவேண்டும். பிறகு சரிந்து இறங்கும் நீண்ட நடைவழி. அதன் முடிவில் ராஜாவின் அறை. அறையின் கூரையில் நீலத்தின் மேல் மஞ்சள் நட்சத்திரங்கள்.

குடையும் வேலை ஜெயபாயின் ஆட்களுக்கு. நட்சத்திரம் வரையும் வேலை ஸ்ரீவராகத்துப் பெண் கிருஷ்ணவேணிக்கு. நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருந்தாள். சாரத்தில் மல்லாந்து படுத்து, ஐந்து முனை நட்சத்திரம் ஒவ்வொன்றையும் கையால்தான் போடுவாள். அவளும் ஜெயபாயும் பதினொரு மணிச் சாயாவை ஒன்றாகக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் எகிப்துக் கதை வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் கண்டுபிடித்த கல்லறையைப் பற்றி ஒரு நாள் சொன்னாள். வேறொரு ராஜாவுக்குக் கல்லறை வெட்ட வந்த வேலைக்காரர்கள் குடிசை போட்டிருந்த இடம் அது. அந்தக் குடிசைகளின் இடிபாட்டுக்குக் கீழேதான் முதல் படி தட்டுப்பட்டது. மண்ணை அள்ள அள்ளப் படிகள் வந்தன. பதினாறு.

“குடிசைக்கு அடியிலேயா? அப்போ அதுல படுத்துக் கெடந்தவனுக்கே தெரியாதுல்லா” என்றாள் ஜெயபாய்.

“மூவாயிரம் வருஷம் யாருக்குமே தெரியலை அக்கா.”

ஜெயபாய் சாயாவை ஊதினாள். “மண்ணை வாரினது யாரு மக்ளே?”

கிருஷ்ணவேணிக்கு அதைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரரின் பெயர் தெரியும். பணம் போட்ட பிரபுவின் பெயர் தெரியும். மண் வாரியவர்களில் மேஸ்திரிகள் சிலருடைய பெயர் எங்கோ இருக்கும், தேடிப் பார்க்கவேண்டும் என்றாள். “ம்” என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெயபாய் எழுந்து போனாள்.

இன்னொரு நாள் சொன்னது புதிய கதை. இரண்டாயிரத்து இருபத்தைந்து பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். ராணி ஒருத்தியுடையது என்று முதலில் நினைத்த கல்லறை அது. கூரையிலிருந்து உதிர்ந்து கிடந்த காரைத் துண்டுகளில் நீலமும் மஞ்சள் நட்சத்திரமும் இருந்தன. ராஜாக்களுக்குத்தான் அப்படிப்பட்ட கூரை. உடைந்த ஜாடிகளில் ராஜாவின் பெயரும் கிடைத்தது. ஆனால் உள்ளே ராஜாவும் இல்லை, பொருளும் இல்லை. மேலே அருவி இறங்கும் இடத்துக்கு நேர் கீழே வெட்டிவிட்டார்கள். அடக்கம் செய்த கொஞ்ச காலத்திலேயே வெள்ளம் புகுந்ததால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்வது.

“ராஜாவையே தூக்கிட்டு ஓட வச்சிருக்கு வெள்ளம்” என்றாள் ஜெயபாய். அன்று மதியம் முழுக்க அவள் நடைக்குள்ளேயே இருந்தாள். நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். பாதி தூரத்தில், முழங்கால் உயரத்தில், சுவரோடு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. சேடி. கோட்டுக்கு மேலே கை ஈரமாயிற்று. கீழே ஈரம் இல்லை.

என்ன நடக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெட்டுகல் மழையைக் குடிக்கும், சேடி குடிக்காது. குன்றின் மேல் விழும் தண்ணீரெல்லாம் இறங்கி, சேடியில் முட்டி, பக்கவாட்டில் ஓடும். ஓடுகிற வழியில் இவர்கள் நடையை வெட்டி வைத்திருக்கிறார்கள். நடையோ உள்பக்கமாகச் சரிகிறது. துலா மாதத்து ஐப்பசி மழை வலுத்தால் தண்ணீர் நேரே நட்சத்திர அறைக்குள்தான் போய் நிற்கும்.

வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சதுரக் குழி இருந்தது. ராஜாக்களின் கல்லறைகள் பலவற்றில் நடைக்குக் குறுக்கே அப்படி ஆழமான குழி உண்டாம். வெள்ளத்துக்கு என்பார் உண்டு, திருடனுக்கு என்பார் உண்டு, சடங்குக்கு என்பாரும் உண்டு. எஞ்சினியர் வினீத் அதில் இரண்டடி மட்டும் பள்ளம் எடுத்து, கறுப்புத் தகடு போட்டு, மேலே கண்ணாடி, கீழே விளக்கு வைத்து ஆழமாகக் காட்டத் திட்டமிட்டிருந்தான்.

நிஜமாகவே தோண்டவேண்டும் என்று ஜெயபாய் போய் நின்றபோது அவன் சிரித்தான். “கள்ளன் விழறதுக்கு வெச்ச குழி சேச்சி அது. நமக்குத்தான் கேமரா இருக்கில்லே?”

“கேமரா வெள்ளத்தைப் பிடிக்குமா சாரே?”

சுவருக்கு மருந்து பூசப்போகிறோம், ஒரு சொட்டு வராது என்றான். மருந்து பூசிய எத்தனை மொட்டை மாடி ஒழுகுகிறது என்று அவள் கேட்டாள். பேச்சு வளர்ந்து சேஷன் காதுக்குப் போயிற்று. திறப்பு விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நாற்பது பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் போயிருந்தது. அவர் வரைபடத்தைப் பார்த்தார், ஜெயபாயைப் பார்த்தார். தாசையன் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“அவங்க இதைப் பாத்ததில்லே. பாத்தது நான்.”

சேஷன் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு, “பத்து நாள் தர்றேன். அதுக்குள்ளே முடியணும். முடியாமப் போனாலோ, மழை வந்து இது வெறும் குழின்னு ஆனாலோ, மேஸ்திரின்னு சொல்லிக்கிட்டு நீங்க இந்தக் கேட்டுக்குள்ளே வரக்கூடாது” என்றார்.

ஆறு பேரும் வெளியே வந்ததும் புலம்பினார்கள். ஊர் முழுக்கத் தெரிந்துபோகும், பிறகு யாரும் கிணற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார்கள். ஜெயபாய் கயிற்றைத் தோளில் மாட்டினாள். “பொலம்புகதுக்கு ராத்திரி இருக்கு. இப்போ கடப்பாரையை எடுங்க.”

சேடியை வெட்டுவது சோப்புக் கட்டியை வெட்டுவது போல. வழுக்கும், ஒட்டும், கடப்பாரையை விடாது. காலையில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆள் இறங்கவேண்டும் என்பது ஜெயபாயின் சட்டம். அவசரத்திலும் அதை அவள் மாற்றவில்லை. ஒரு நாளைக்கு இரண்டடி போயிற்று. மேலே கப்பி சுற்றுகிற சத்தமும் உள்ளே கிருஷ்ணவேணி சாரத்தை நகர்த்துகிற சத்தமும் தவிர அந்த நடையில் வேறு பேச்சில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாடா போட்டு அளந்தபோது பத்தொன்பது அடி. வினீத்துக்கே திருப்தி. “போதும் சேச்சி. கம்ப்யூட்டர்லே பத்தொம்பதுன்னு போட்டாச்சு.”

அடியில் நின்ற ஜெயபாய் கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்த்தாள். பொத்தென்றது. இன்னும் சேடிதான். “போதாது சாரே. இப்போ இது ஒரு தொட்டி. நிறைஞ்சா வழியும். அடியிலே சரல் கெடக்கு. நனைஞ்ச சரல்னா தண்ணி தரும், காஞ்ச சரல்னா தண்ணியை வாங்கும். இந்த மேட்டுலே அது காஞ்சுதான் கெடக்கும்.”

“நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி.”

“ஒரு நாள் இருக்குல்லா?”

பத்தாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கடப்பாரை கரகரவென்றது. பொரி மாதிரி உலர்ந்த சரல். அதை ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, மேலே பார்த்துக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். இருபத்தொரு அடி. குழியின் மேல் வினீத் மரப்பாலமும் கைப்பிடியும் போட்டான்.

திறப்பு விழா சனிக்கிழமை. வியாழக்கிழமை விடியும்போதே வானம் இருண்டு கொட்டத் தொடங்கியது. கிழக்கேகோட்டையில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பத்து மணிக்குச் சேஷனுக்குப் போன் வந்தது. அவர் கடைக்குப் போகவில்லை, குன்றுக்கு வந்தார்.

பதினாறு படிகளிலும் செம்மண் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து பூசிய சுவரில், அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே, விரல் தடிமனில் ஊற்றுகள் திறந்திருந்தன. எல்லாம் ஓடிவந்து குழியில் விழுந்தது. அந்தப் பக்கம் அறைக்குள் கிருஷ்ணவேணி கையில் தூரிகையோடு நின்றாள். ஆயிரத்து நாற்பது நட்சத்திரம் போட்டிருந்தாள். இன்னும் பன்னிரண்டு பாக்கி. தண்ணீர் உள்ளே வந்தால் கீழ்ச் சுவர் ஓவியம் முழுக்க அழிந்துபோகும். தண்ணீர் ஏறுவதைக் குறித்துக்கொள்ள, பாலத்தில் நின்ற ஜெயபாயிடம் மஞ்சள் தூரிகையை நீட்டினாள்.

ஜெயபாய் அதை ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டி, பாலத்தில் குப்புறப் படுத்து, குழிச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டாள். விளிம்புக்கு எட்டடி கீழே. பதினொன்றரைக்கு அந்தக் கோடு முங்கியது. இன்னொன்று போட்டாள், ஆறடி. பன்னிரண்டரைக்கு அதுவும் முங்கியது. நாலடியில் மூன்றாவது கோடு. இது வெறும் தொட்டியாக இருந்திருந்தால் இந்நேரம் வழிந்திருக்கும் என்று வினீத் மெல்லிய குரலில் கணக்குச் சொன்னான்.

ஒன்றரை ஆயிற்று. வெளியே மழை அதே வேகத்தில் அடித்தது. மூன்றாவது கோடு முங்கவில்லை. இரண்டு மணிக்கு வினீத் டார்ச் அடித்தான். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. இரண்டரைக்கு ஒரு சாண்.

“எறங்குது” என்றார் சேஷன். தனக்குத்தானே சொல்வது போல இன்னொரு தடவை சொன்னார்.

ஆறு பேரும் கொட்டுகிற மழையில் படியேறி ஓடி, கையில் கிடைத்த தகரத்தைத் தட்டினார்கள். ஒருவன் மண்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். ஜெயபாய் பாலத்தை விட்டு எழவில்லை. தூரிகையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். “போ மக்ளே. பன்னெண்டு பாக்கி இருக்குல்லா, போய்ப் போடு.”

சனிக்கிழமை வெயிலடித்தது. பள்ளிப் பேருந்துகள் குன்றின் அடிவாரம் வரை நின்றன. ராஜாவின் அறைக்கு முன்னால் பிள்ளைகள் அமைதியாக நின்றார்கள். பாலத்துக்கு வந்ததும் அமைதி போய்விட்டது. கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கீழே பார்த்து, தங்கள் பெயரைக் கூப்பிட்டு, கிணறு திருப்பிச் சொல்வதைக் கேட்டார்கள். இது நிஜமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது கேட்டார்கள். நிஜம்தான் என்று சேஷன் தானே நின்று பதில் சொன்னார். சுவரில் மூன்று மஞ்சள் கோடுகளையும் அழிக்கவேண்டாம் என்று அவர் உத்தரவு.

பதினொரு மணிக்குக் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. கம்பை ஊன்றிக்கொண்டு தாசையன் இறங்கினார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. யார் என்று காவலாளி கேட்டார். நோட்டில் முந்தின நாள் பக்கம் திறந்து கிடந்தது. சேஷன் சொல்லி எழுதவைத்த வரி அதில் இருந்தது: ‘ஜெயபாய் மேஸ்திரியும் ஆறு ஆட்களும்.’ தாசையன் அதை விரல் வைத்துப் படித்தார்.

“நான் ஜெயபாய் மேஸ்திரிக்க வீட்டுக்காரன்” என்றார், பின்னால் நின்ற இரண்டு ஆசிரியைகளுக்கும் கேட்கும்படி.

படி இறங்க முடியாது என்பதால் ஆட்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் போனார்கள். பாலத்தருகே, மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய புதுப் பலகை ஒன்று இருந்தது. தோண்டியவர் மேஸ்திரி ஜெயபாய் என்று முதல் வரி. அதை அவர் மூன்று தடவை படித்தார். ஜெயபாய் ஒரு தடவைதான் படித்தாள். பிறகு கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வினீத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“பேரு சரி சாரே. ஆழம் தப்பு. பத்தொம்பதுன்னு போட்டிருக்கு.”

“கம்ப்யூட்டர்லே இருந்தது சேச்சி. நாளைக்கு மாத்திடலாம்.”

“நாளைக்கு வேண்டாம்” என்றாள் ஜெயபாய். “அந்த ரெண்டடிதான் கிணறு. மத்ததெல்லாம் குழி.”

கிருஷ்ணவேணி மஞ்சள் சாயத்தை எடுத்துவரப் போனாள். அவள் வந்து இருபத்தொன்று என்று எழுதி முடிக்கும்வரை, அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஜெயபாய் பாலத்தில் ஏறவிடவில்லை.