பழசாக எழுதிய போர்டு

போன வாரம் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சர்க்கரைக்காரன் புண், லேசில் ஆறாது. வாரத்துக்கு இரண்டு தடவை போய்க் காலை நீட்ட வேண்டியிருக்கிறது. நர்ஸம்மா பேண்டேஜ் சுருளைப் பிரித்தபோது கஞ்சியும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த வாடை லேசாக வந்தது. அவ்வளவுதான், ஞானம்மா நினைப்பு வந்துவிட்டது. “வலிக்குதாய்யா?” என்று கேட்டார் நர்ஸம்மா. இல்லை என்று தலையாட்டினேன்.

ஞானம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். எண்பத்து நான்கில், என் மகள் பிறந்த மாதத்தில் ஆரம்பித்தது. அதனால் அவள் பெயரையே வைத்தேன், வனிதா ஆர்ட்ஸ் என்று. ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, மில் கேட்டு, கல்யாண வளைவு எல்லாம் எழுதுவேன். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. ஆளை அலுக்க வைத்தவர்கள் வேறு ரகம்.

வீட்டில் நாயே இல்லாத ஒருவர் ‘நாய் ஜாக்கிரதை’ கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் நாயை விட அந்தப் போர்டுக்கு மரியாதை அதிகம். மச்சானோடு சண்டை போட்ட ஒருவர், மச்சான் வீட்டு வாசலில் மாட்ட ‘இந்த வீடு விற்பனைக்கு’ என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கிற ஓர் ஆள் தன் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் கேட்டார். இன்னொருவர் தன் அம்பாசடர் காரின் முன்கண்ணாடியில் ‘போலீஸ்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். நாலாம் நாள் நிஜப் போலீஸ் வந்து, உச்சி வெயிலில் நடுரோட்டில் நிற்க வைத்து, மண்ணெண்ணெயை ஊற்றி என்னையே அழிக்க வைத்தது. “எழுதச் சொன்னா எதுக்குன்னு கேக்க மாட்டியாலே?” என்றார் ஏட்டு. கேட்க மாட்டேன். அதுதான் என் தொழில் தர்மம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள்.

இப்படி இருக்கும்போதுதான், எண்பத்தொன்பது வாக்கில், சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, அதிர்ந்து பேசாத மனிதர்.

“தம்பி, புதுசா ஒரு போர்டு வேணும். ஆனா பாத்தா புதுசாத் தெரியக் கூடாது.”

“எம்புட்டுப் பழசாத் தெரியணும் அண்ணாச்சி?”

“ஒரு பதினாலு வருசம்.”

‘இந்த இடம் சங்கரலிங்கம் அனுபவத்தில் உள்ளது. அந்நியர் பிரவேசிக்கக் கூடாது. 1975.’ இதுதான் வாசகம். எந்த இடம் என்றும் அவரே சொன்னார். சத்திரப்பட்டி ரோட்டில், வெளுத்த பேண்டேஜ் துணியை விரித்துக் காயப்போடும் களம் ஒன்று உண்டு, அது. ஞானம்மாவின் களம். ஓரத்தில் ஓட்டுக்கூரை போட்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு அங்கேயேதான் குடியிருந்தார். புருஷன் ஆலங்குளம் பக்கம் கல் குவாரியில் வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவார். தினமும் நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போகிறவன். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். பத்திரம் சரியில்லாத இடம், ரொம்ப வருஷமாகத் தன் அனுபவத்தில் இருப்பதாகச் சொல்லிக் கேஸ் போடப் போகிறார், அதற்குத்தான் இந்தப் போர்டு என்பது பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.

பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். புதுசாக எழுதச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். பழசாக எழுதச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை. நம்மால் முடியுமா என்று ஓர் அரிப்பு, அவ்வளவுதான்.

தகரத்தில் எழுதிக் காயவிட்டு, உப்புத்தாளால் எழுத்தின் மேல் பதமாகத் தேய்த்தேன். ஓரங்களில் உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துத் துரு ஏற்றினேன். சாணித் தண்ணீர் தெளித்தேன். அடுப்புப் புகையில் காட்டினேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் மூன்று வாரம் போட்டு வைத்தேன். துணி காயப்போட வந்த என் வீட்டுக்காரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “யாரு குடியக் கெடுக்க இத வெயில்ல போட்டு வாட்டுறீக?” என்றாள். உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகாக வேறு எந்தப் போர்டும் எனக்கு வாய்க்கவில்லை. அண்ணாச்சி தடவித் தடவிப் பார்த்து, “அடேயப்பா” என்றார்.

களத்தின் பின்பக்கம், முள்ளுக்குள் நின்ற ஒரு வேப்பமரத்தில் அதை அடித்துவிட்டுக் கேஸ் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து கமிஷனராக ஒரு சின்ன வயசு வக்கீலை இடத்தைப் பார்க்க அனுப்பினார்கள். அந்தப் புண்ணியவான் முள்ளுக்குள் இறங்கி, போர்டில் இருந்ததையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதிக்கொண்டு போனார். வலது கீழ்மூலையில் பாசிப்பயறு அளவில் இருந்த ‘வனிதா ஆர்ட்ஸ்’ உட்பட.

ஆமாம், நானேதான் எழுதியிருந்தேன். போர்டு எழுதுகிறவன் எவனும் கடைசி எழுத்து முடிந்ததும் மூலையில் தன் பெயரைப் போடாமல் தூரிகையைக் கீழே வைக்க மாட்டான். சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவப் போகிற மாதிரி கை தானாகப் போகும். போட்டதும் எனக்குத் தெரியாது, அதையும் சேர்த்துத் தேய்த்துப் பழசாக்கியதும் தெரியாது.

சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. அன்று காலை கோர்ட் வாசலில் அண்ணாச்சி அரைக்கிலோ பால்கோவாவை என் கையில் திணித்தார்.

“தம்பி, வனிதா ஒங்க அம்மா பேருன்னு சொல்லிருங்க. அப்பா காலத்துக் கடைன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு.”

என் அம்மா பெயர் மூக்கம்மாள். ரேஷன் கார்டில் இருக்கிறது, ஊருக்கே தெரியும். கூண்டில் ஏறியதும், பால்கோவாப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வனிதாங்கிறது யாரு?” என்றார் ஞானம்மாவின் வக்கீல்.

“எம் மகளுங்க.”

“என்ன வயசு?”

“அஞ்சுங்க. ஒண்ணாப்பு படிக்கா.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. என்னை ஒரு நாழிகை வைது தீர்த்துவிட்டு, இனிமேல் இந்த வேலை பார்த்தால் உள்ளே போவாய் என்று எச்சரித்து அனுப்பினார். அண்ணாச்சி கேஸில் தோற்றார். அதற்குப் பிறகு என்னை ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அது நியாயம்தான்.

தீர்ப்பு வந்த மறுநாள் ஞானம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அண்ணே, நீங்க வேணும்னுதான் பேரைப் போட்டு வச்சிருக்கீக. அவிய பெரிய எடம், நேரா முடியாதுன்னு சொல்ல முடியாம இப்படிச் செஞ்சிருக்கீக. எனக்குத் தெரியாதா?”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மாதிரியாகச் சிரித்து வைத்தேன்.

அந்தச் சிரிப்பு எட்டு வருஷம் என்னைப் போட்டு வாட்டியது. ஞானம்மா போகிற இடமெல்லாம் என் கதையைச் சொன்னார். “நீங்கதானாமே அது” என்று யார் யாரோ கடைக்கு வந்து கும்பிட்டார்கள். ஏடாகூடமாக எழுதச் சொல்லி வருகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நல்லவனாக நடமாடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தன் மூத்த மகள் கல்யாணத்தில் ஞானம்மா என்னை வேதக்கோயிலில் முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய், “எங்களுக்காகப் பெரிய மனுசரப் பகைச்சவுக இவுகதான்” என்று பாதிரியாரிடம் காட்டினார். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அன்று பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துக் களத்துக்குப் போனேன். ஞானம்மா காய்ந்த துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஞானம்மா, அந்தப் பேரு நான் வேணும்னு போட்டதில்ல. கை பழக்கத்துல விழுந்தது.”

“போங்கண்ணே, ஒங்களுக்கு எப்பவும் அடக்கம்தான்.”

“இல்லம்மா. ஒங்க எடம்னு தெரிஞ்சுதான் எழுதுனேன். பேரு விழுந்தது தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே அழிச்சிருப்பேன்.”

சுருட்டிய துணியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பொட்டப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்னு ஒரு நிமிசம் நெனச்சீகளா?”

“நெனைக்கல.”

“ராத்திரி ஜெபத்துல ஒங்க பேரைத்தான் மொதல்ல சொல்லுவோம். எம் பிள்ளைக பேரெல்லாம் பொறவுதான்.” மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டார். “சரி, போய்ட்டு வாங்க.”

அண்ணே என்று சொல்லவில்லை.

இப்போது அந்தக் களம் இல்லை. ஞானம்மாவே நல்ல விலைக்கு விற்றுவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேப்பமரம் நின்ற இடத்தில் மாடிவீடுகள் வந்துவிட்டன. அதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடம், அவர் இஷ்டம். ஒரு காலத்தில் அந்தக் களத்து ஓட்டுவீட்டில் தினமும் ராத்திரி என் பெயரைச் சொல்லி, இவர் நல்லா இருக்கணும் என்று மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நின்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலே ஆகிறது.