மகள் கட்டிவைத்த பை

பிள்ளைகளே, நான் துறைமுக வாசலில் லாரியில் வரும் கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்ப்பவன். அந்த வேலையை இனி கேமராவே பார்க்கும் என்று பேச்சு வந்தது. பயத்தை வீட்டில் சொல்லாமல் உம்மென்றே இருந்தேன்.

ஒருநாள் என் மகள் துணிமணிகளையும் புத்தகங்களையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?"

"இனி இந்த ஊர்ல இருக்க முடியாதுன்னு போன்ல யார்ட்டயோ சொன்னீங்கல்லாப்பா? திடீர்னு கிளம்பச் சொன்னா என் புஸ்தகத்தை விட்டுருவீங்க."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேலை போயிருமாப்பா?"

"தெரியல. தெரிஞ்சா மொதல்ல ஒங்கிட்டதான் சொல்லுவேன்."

பையைப் பிரித்துவிட்டாள்.

கேமரா இன்னும் வரவில்லை, பயமும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் கேள்விப்பட்டதை அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

"இன்னைக்கும் ஒண்ணும் தெரியலளா" என்றால், "சரிப்பா, சாப்பிடுங்க" என்கிறாள்.