உப்பில்லாத குழாய்

ஆய்வகத்தின் பின்பக்கத்து அறையை அந்த மருத்துவமனையில் எல்லாரும் சமையலறை என்றுதான் சொல்வார்கள். அங்கே ஓர்ஃபெலினா, சோதனைக்காக வளர்க்கும் கிருமிகளுக்குப் பத்தொன்பது வருஷமாகச் சமைத்துப் போட்டாள். ருசி பார்க்கக்கூடாத சமையல், தராசுதான் நாக்கு. குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்குச் சிட்டிகை உப்பு போதும். கடலிலிருந்து சிப்பியோடு வருகிறதே, அதற்கு நூறு மில்லிக்கு மூன்று கிராம் வேண்டும். உப்பே இல்லாவிட்டால் அது தலையெடுக்காது.

வீட்டில் அவள் கை உப்பு ஜாடிப் பக்கம் போகாது. கணவன் எராஸ்மோவின் இதயம் வீங்கிய நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, உப்பில்லாத உருளைக்கிழங்குதான்.

"கிருமிக்கெல்லாம் அளந்து அளந்து உப்பு போடுற. கட்டின புருஷனுக்கு ஒரு கல்லு கிடையாது."

"அதுங்க சொன்ன பேச்சு கேக்குதுங்க கெழவா. நீ கேக்குறியா?"

அந்த ஜனவரிக் கோடையில் புவேர்த்தோ மோன்ட் துறைமுகத்துக் கடல் வழக்கத்துக்கு மீறி வெதுவெதுத்தது. எலுமிச்சை பிழிந்து வேகாத சிப்பி தின்றவர்களால் வார்டு நிரம்பியது. சிப்பி எடுக்கத் தடை போட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் எராஸ்மோவுக்கும் பேதி கண்டது. ஓர்ஃபெலினா எண்ணினாள், பதினோரு தடவை. நாக்கைப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், டாக்சி பிடித்தாள். பழுதான இதயத்துக்கு நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. டிரிப்ஸைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள்.

"சிப்பி தின்னியா?"

"தடை போட்டிருக்கப்ப எவன் திம்பான்? நீ போட்ட உருளைக்கிழங்குதான்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மறுநாள் ஆய்வகப் பொறுப்பாளர் ஹிமெனா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரோட பேதிய வளக்க வெச்ச தட்டுல ஏதோ கிருமி வளந்திருக்கு. மூணு சோதனைக் குழாய் வேணும், அக்கா. உப்பில்லாம ஒண்ணு, மூணு கிராம் உப்புல ஒண்ணு, எட்டு கிராம்ல ஒண்ணு."

ஓர்ஃபெலினா உப்பை இரண்டு முறை எடை போட்டாள். ஹிமெனா மூன்றிலும் கிருமியை விட்டாள்.

வியாழன் காலையில் உப்பில்லாத குழாய் தண்ணீர்போலத் தெளிந்து கிடந்தது. மற்ற இரண்டும் கஞ்சிபோலக் கலங்கியிருந்தன. ஓர்ஃபெலினா கையைக் கழுவிக்கொண்டு நேரே வார்டுக்குப் போனாள்.

"உன் வயித்துல இருக்கிறது கடல்ல இருந்து வந்தது. உப்பில்லாம வளரவே இல்ல. என் உருளைக்கிழங்குல உப்பு ஏது? இப்பச் சொல்லு."

எராஸ்மோ போர்வை ஓரத்தைத் திருகினான். "சொன்னா ஃபிலிதோரப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க."

ஃபிலிதோர் அவனோடு முப்பது வருஷம் ஒரே படகில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவன். எதிரே டெங்லோ தீவில் தனிக்கட்டையாக இருந்தான்.

"அவனும் தின்னானா?"

"என்னைவிட அதிகம்."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"மூணு நாளா ஒருத்தன் அங்க தனியா கெடக்கான். நீ இங்க அவனக் காப்பாத்துறியா, மடையா!"

எந்தப் பாறையில் எடுத்த சிப்பி என்று எராஸ்மோவிடம் கேட்டு, ஃபிலிதோர் பெயரை விட்டு அதை மட்டும் ஹிமெனாவிடம் சொல்லிவிட்டு, உப்புக்கரைசல் பொட்டலங்களோடு படகேறினாள். ஃபிலிதோர் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டிருந்தான். கண் குழிக்குள் போயிருந்தது. மூச்சு இருந்தது. படகுக்காரன் தூக்கிவர, வழி முழுக்கக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த கட்டிலே அவனுக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை டாக்டர் எராஸ்மோவின் டிரிப்ஸைக் கழற்றிவிட்டு, அரை டம்ளர் கரைசல் குடிக்கலாம் என்று எழுதினார். ஓர்ஃபெலினா அளந்து கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவன் நிறுத்தினான். கண் நிறைந்துவிட்டது.

"உப்பு இருக்குடி."

"டாக்டர் எழுதினது. முழுசாக் குடி."

"எலுமிச்சையும் ஒரு துண்டு இருந்தா..." என்றான் ஃபிலிதோர், அடுத்த கட்டிலிலிருந்து.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு, எராஸ்மோவின் மீசையில் நின்ற துளியைத் தன் விரலால் துடைத்தாள்.