ஆகாசக் குடைச் சீலை

என் மூத்த சகோதரியை அடக்கம் செய்து நாற்பது நாட்கள் கடந்துவிட்டன. எழுபது வருடங்களுக்கு மேலாக நான் ராத்தா என்று அழைத்துவந்தவள் அவள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுள் வயது முதிர்ந்தோர் தவறாமல் ஒன்றை நினைவுபடுத்தினார்கள்: ஆகாசக் குடைச் சீலையில் குப்பாயம் என்னும் மேற்சட்டை தைத்து உடுத்துக் கலியாணம் செய்த பெண் எங்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதானாம். அதைச் சொல்லும்போது அவர்களுடைய முகங்கள் மலர்ந்தன. நானும் தலையசைத்தேன். அந்தச் சீலை அவளுக்குக் கிடைத்த விதத்தை அறிந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்பவன் நான் மாத்திரமே. அதனால் இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, புத்தளத்துக்கு அண்மையிலிருந்த விமானத் திடலிலிருந்து வெள்ளைக்காரப் படையினர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் போய்விட்டது, துணிக் கூப்பன் போகவில்லை. சங்கக்கடையில் அளந்து கிழித்துத் தரும் துணியையே பெருநாளுக்கும் பள்ளிக்கும் படுக்கைக்கும் பங்கிட வேண்டியிருந்தது. கற்பிட்டிக்குப் போகும் மணற்பாதையில், களப்பு நீரைப் பார்த்தபடி எங்கள் வீடு இருந்தது. வாப்பா அதற்கு முந்திய வருடம் காய்ச்சலில் மௌத்தாகியிருந்தார். உம்மா, பதினேழு வயதான ராத்தா, எட்டு வயதான நான் என வீட்டில் மூவர் இருந்தோம். வேலிக்கு அப்பால் வாப்பாவின் தம்பியான சாச்சா குடியிருந்தார்; எங்களுக்குப் பொறுப்பானவரும் அவரே.

கடைக்குச் சென்று துணி தெரிவுசெய்யும் வழக்கம் எங்கள் பெண்களுக்கு அன்று இருக்கவில்லை. ஆண்கள் எதையாவது வாங்கி வருவார்கள். வந்த துணியின் குணத்தை அறிந்து, அதற்கேற்ற வேலையை அதற்குக் கொடுப்பதே உம்மாவின் தெரிவு. சங்கக்கடைத் துணியை இரு விரல்களுக்கிடையே கசக்கி உதறுவார். கஞ்சிப்பசை மாவாகக் கொட்டும். "கூப்பனுக்குத் துணி தந்தாங்களா, மாவு தந்தாங்களா?" என்பார். பின்னர் ஒரு பகல் முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகே தையலைப் பற்றிப் பேசுவார். பருத்தியில் நேர்கோடு வேண்டுமானால் கத்தரிக்கோலை நாடமாட்டார். ஓரத்தில் சிறு கீறலிட்டுக் கிழிப்பார், கிழிசல் இழையோடு நேராகப் போகும். சந்தேகமான துணியாயின் ஓர் இழையை உருவி எரித்து முகர்ந்து பார்ப்பார். கடதாசி கருகும் மணம் வந்தால் பருத்தி. முடி கருகும் மணம் வந்தால் பட்டு. பட்டின் சாம்பல் விரல் பட்டதும் பொடியாகிவிடும் என்பதையும் அவரிடமிருந்தே நாங்கள் அறிந்திருந்தோம்.

சாச்சா விமானத் திடலின் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். படையினர் கழித்துவிட்ட பரசூட் ஒன்றை, எங்கள் பேச்சில் ஆகாசக் குடையை, வேலையாட்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டபோது அவருடைய பங்குக்கு ஆறு இதழ்கள் கிடைத்தன. ஒவ்வோர் இதழும் அடியில் அகன்று உச்சியில் விரலகலமாக ஒடுங்கிய நீண்ட முக்கோணம். அவற்றை உம்மாவின் முன்னால் போட்டுவிட்டு, "மதினி, இது ஆகாசத்தில இருந்து இறங்கின சாமான். கவனமாத் தைங்க, உடுத்தவ பறந்திருவா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

அவர் போனபின் உம்மா அதைக் கையிலெடுத்தார். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்தார். ஒரு மடிப்பேனும் விழவில்லை. நீர்த்துளி தெளித்தார், உள்ளிறங்காமல் உருண்டது. பாயில் விரித்தால் பாயைவிட்டு நழுவியது. கத்தரியின் வாயில் வைத்தால் அங்கிருந்தும் நழுவியது. பழைய படுக்கை விரிப்பொன்றைக் கீழே போட்டு, அதன்மேல் வைத்து வெட்டினாலன்றி இது அடங்காது என்று முடிவு செய்தார்.

"இது பருத்தியுமில்ல, பட்டுமில்ல" என்றார் எங்களிடம். "என்ன சாமானோ, எனக்குப் பேர் தெரியா. ஆனா புள்ளைட கலியாணக் குப்பாயத்துக்கு இதவிட நல்லது கிடைக்காது."

நைலோன் என்னும் பெயரை நான் பல வருடங்களின் பின்னரே கேள்விப்பட்டேன்.

ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை புத்தளத்தில் கொப்பரா வியாபாரி. முதல் மனைவியை இழந்தவர். சாச்சாவைவிட இரண்டு வயது மூத்தவர். சீதனம் வேண்டாமென்று அவரே சொல்லியனுப்பியிருந்தார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். பிற்காலத்தில் நானும் கண்டேன், நல்ல மனிதர்தான். சாச்சா வாக்குக் கொடுத்த நாளில் ராத்தா தையல் மெசினின்மேல் குனிந்திருந்தாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையைக் காட்டிலும் அஞ்சத்தக்கவர் அவருடைய சகோதரியின் கணவர். சிவந்த துருக்கித் தொப்பியணிந்த அந்த மச்சானே அவர்கள் வீட்டின் வாயும் கோபமும். அதற்கு முன்னர் நுரைச்சோலையில் பேசி முடித்திருந்த ஒரு சம்பந்தத்தை, தமக்குப் பழைய பாய் விரித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எழுந்து வந்து முறித்துவிட்டவர் அவர். "கலியாணம் முடியிற வரைக்கும் அந்த ஆள்ட முகம் கோணாமப் பாத்துக்கங்க. ஒரு சின்னச் சாட்டுப் போதும் அவருக்கு" என்று சாச்சா எங்களை நாள்தோறும் எச்சரித்தார்.

மாப்பிள்ளையின் கலியாணச் சட்டையைப் பெண்வீட்டார் தைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்காக அவருடைய பழைய சட்டையொன்று அளவுக்கு வந்தது. நான் அதை அணிந்துகொண்டு முற்றத்தில் ஓடினேன். காற்று நிறைந்து தோணிப்பாய்போலப் புடைத்தது. உம்மா சிரித்தார். ராத்தா அதை என்னிடமிருந்து வாங்கிப் பாயில் விரித்து, நாடாவை மாத்திரம் மேலே வைத்து, தன் விரல் துணியில் படாதவாறு அளந்தாள். பிறர் பொருளை அழுக்காக்காத அவளுடைய பக்குவத்தை நான் வியந்தேன்.

சட்டையோடு ஒரு செய்தியும் வந்திருந்தது. புத்தளம் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் ஆகாசக் குடைச் சீலையில் சட்டை அணிந்து உலாவுகிறாராம். எங்கள் வீட்டிலும் அந்தச் சீலை இருப்பதாகக் கேள்வியாம். மாப்பிள்ளைக்கும் அதிலேயே தைக்க வேண்டுமாம். உம்மா ஆறு இதழ்களையும் விரித்து, அளவுச் சட்டையை அவற்றின்மேல் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். சரிவாக ஒடுங்கும் துணி. வெட்டினால் பாதி வீணாகும். சட்டை தைத்தால் குப்பாயத்துக்கு மிஞ்சாது. குப்பாயமும் முக்காடும் தைத்தால் சட்டைக்கு மிஞ்சாது. உம்மா பெருமூச்செறிந்து இதழ்களை மடித்தார். யார் விட்டுக்கொடுப்பார் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

மறுநாள் நான் குர்ஆன் பள்ளிக்குப் புறப்பட்டபோது ராத்தா வேலியருகே என்னை நிறுத்தினாள்.

"தம்பி, லெப்பைகிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு வா. ஆம்புளை பட்டுச் சட்டை உடுக்கலாமா எண்டு."

"அது பட்டில்ல எண்டு உம்மா சொன்னாவே?"

"நான் பொதுவாத்தானே கேக்கச் சொன்னேன்? உன்ன நீதவானா வெச்சேனா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆண்களுக்குப் பட்டு ஹராம், பெண்களுக்கு ஆகும். சீலை பட்டென்றாகிவிட்டால் அது மாப்பிள்ளைக்கு இல்லை, ராத்தாவுக்கே. அவளுடைய கெட்டித்தனத்தை எண்ணி மகிழ்ந்தவாறே ஓடினேன். எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் லெப்பை கேள்வியைக் கேட்டுவிட்டு, "யாருடா உங்கட ஊட்டில பட்டுச் சட்டை தைக்கிறது?" என்றார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் சங்கதி கற்பிட்டி வரை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளை வீட்டார் தோணியில் வந்திறங்கினர். மச்சானும் இரு பெரியவர்களும் வந்திருந்தனர். சாச்சா புத்தம்புதிய பாய்களை இரவல் வாங்கி விரித்திருந்தார். யாரும் அழைக்காமலேயே லெப்பையும் வந்து அமர்ந்தார். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ராத்தா அதற்கும் அப்பால் உள்ளறையில் இருந்தாள். இரு பக்கத்துக்கும் போய்வரத் தகுதியுள்ளவன் நான் ஒருவனே.

லெப்பை சீலையைத் தடவிப் பார்த்தார். "வழுவழு எண்டு இரிக்கு. பட்டெண்டா மாப்பிளைக்கு ஆகாது. நிக்காஹ்வுக்கே ஹராம உடுத்துக்கிட்டு வரேலாது."

"கச்சேரிக் கிளாக்கர் உடுத்திரிக்கிறார்தானே?" என்றார் மச்சான்.

"அவர் தொழாமலும்தான் இரிக்கிறார்."

மச்சானின் முகம் கோணத் தொடங்கியது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, "ஒரு நூலை எரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும். முடி மணத்தா பட்டு, இல்லாட்டி இல்ல" என்றார். அவர் சூதறியாதவர். சோதனை உண்மையைச் சொல்லும், சட்டை தைத்துவிடலாம் என்றே எண்ணினார். ஓர் இழை உருவித் தரும்படி உள்ளறைக்குச் சொல்லியனுப்பினார்.

ராத்தா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இழையை உருவினாள். உருவ வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்தாள். என் கையில் அதை வைத்தபோது பார்த்தேன். எங்கள் வீட்டில் சோற்றிலும் முடி கிடக்கும். ஆனால் இது தானாக விழுந்ததன்று. வெள்ளை இழையோடு கறுத்த முடிகள் மூன்று நான்கு ஒன்றாக முறுக்கப்பட்டு, சிறு சுருளாக்கப்பட்டிருந்தன.

"ராத்தா, முடி சுத்தியிரிக்கு."

"விரலால மூடிக் கொண்டு போ. சாச்சாட கையில மட்டும் குடு."

ஒரு குப்பாயத்துக்காக இவ்வளவு பாடுபடுவார்களா என்று அதிசயித்தேன். சாச்சாவுக்குக் கிட்டப்பார்வை சரியில்லை என்பதை அவள் நினைவில் வைத்திருந்தாள்.

சாச்சா வெற்றிலைத் தட்டில் சுருளை வைத்துத் தீக்குச்சியை உரசினார். சுருள் பொரிந்து, சுருங்கி, புகைந்தது. லெப்பை மூக்கைச் சுளித்து, "முடி மணம்" என்றார். சாச்சாவும் ஆமென்றார். மச்சான் குனிந்து முகர்ந்தார்.

"எனக்கொண்டும் மணக்கல்ல. தடிமன், மூக்கடைப்பு. அந்தப் புள்ளையைக் கூப்பிடுங்க, சின்னவன் பொய் சொல்ல மாட்டான்."

நான் முகர்ந்தேன். "முடி மணம்தான்" என்றேன். அது உண்மை. என் வாழ்நாளில் எத்தனையோ சபைகளில் உண்மை பேசியிருக்கிறேன். அன்று போல் இலகுவாகப் பேசியதில்லை.

ஆனால் மச்சான் தட்டைத் தூக்கிப் பிடித்தார். "இதென்ன, அடியில கல்லு மாதிரி?"

உருகி இறுகிய ஒரு சிறு மணி தட்டில் ஒட்டியிருந்தது. உம்மாவிடம் காட்டும்படி லெப்பை சொன்னார். நான் தட்டைத் திரைக்குள் கொண்டுபோனேன். உம்மா அந்த மணியை நகத்தால் பெயர்த்து, இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினார். அது பொடியாகவில்லை. மீண்டும் நசுக்கினார். பின்னர் தட்டிலிருந்த கருகலில் தீயில் எரியாது தப்பிய ஒரு முடி நுனியை எடுத்து நீண்ட நேரம் பார்த்தார். உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். அந்த நுனியைத் தன் மடியில் துடைத்துவிட்டு, வெளியே கேட்கத்தக்க குரலில் சொன்னார்:

"பட்டுத்தான்."

உம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எதற்காகச் சொன்னார் என்பது அன்று எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. வயது ஏற ஏற அந்தத் தெளிவு என்னைவிட்டு நீங்கியது. கேட்டறியலாம் என்று துணிந்தபோது உம்மா இல்லை.

நான் திரையை விலக்கி வெளியே வந்தேன். மச்சான் முழங்காலில் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் அணிந்தார். எழுவதற்காக ஒரு கையைப் பாயில் ஊன்றினார். பெரியவர்கள் இருவரும் தத்தம் சால்வையைத் தேடினார்கள். நுரைச்சோலையில் நடந்தது இங்கும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

சாச்சாதான் வாயைத் திறந்தார். "இருங்க மச்சான். மாப்பிளை என்ன, ஆகாசத்தில இருந்தா குதிக்கப் போறார்? தோணியிலதானே வாறார்? பொப்ளின் சட்டை போதாதா?"

பெரியவர்களுள் ஒருவர் சிரித்தார். லெப்பை சிரித்தார். மாப்பிள்ளையின் பருமனையும் குடையையும் சேர்த்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், மச்சானும் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு, "சரி, பொண்ணே உடுக்கட்டும்" என்றார். வட்டிலாப்பம் வந்தது. அதை உண்டுகொண்டே, ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தார்கள்.

நான் ஒரே ஓட்டமாக உள்ளறைக்கு ஓடினேன். ராத்தா கதவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள்:

"எழும்பிப் போய்ட்டாங்களா?"

"இல்ல ராத்தா! மச்சான் தொப்பியும் போட்டுட்டார். பொறகு சாச்சா ஒரு பகிடி சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. வட்டிலாப்பம் ரெண்டாந்தரமும் கேக்கிறாங்க."

"கோவமில்லையா?"

"கொஞ்சமும் இல்ல. நாளும் வெச்சாச்சி. சீலை உங்களுக்குத்தான்!"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. சந்தோசத்தில் வாயடைத்துப் போனாள் என்றே எண்ணினேன். நல்ல செய்தி கொண்டுவருகிறவனுக்கு ஏதேனும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே, இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் காத்து நின்றேன்.