அனைவரும் என்றால் நானும்தான்

கலை விழா என்றாலே எனக்கு ஆகாது. பாடுகிறவன் பாடட்டும், ஆடுகிறவள் ஆடட்டும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் தாடியைத் தடவிக்கொண்டு பேசுவார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. தலை பாதி நரைக்கும் வரைக்கும் அப்படி ஒரு விழாவுக்கு நான் போனதில்லை, போகத் தோன்றியதும் இல்லை. முதன்முதலாக ஒன்றுக்குப் போகத் திட்டம் போட்டேன் என்றால், அதை என் அண்ணனின் குடோனில் வைத்தார்கள் என்பதால்தான். அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

குடோன் கல்மண்டபம் பக்கம், ஒரு லாரி உள்ளே வந்தால் இன்னொரு லாரி பின்வாங்க வேண்டிய சந்தில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து அப்பா தொடங்கிய மொத்த வியாபாரம், மிளகாய் வற்றலும் மல்லியும். கீழே குடோன், மேலே வீடு. மாடிப்படி குடோனுக்குள்ளேயே பின்பக்கம். மேல் வீட்டுக் கூடத்து ஜன்னல் ஒன்று குடோனைப் பார்த்துத் திறக்கும். மூட்டை இறங்குவதை மேலே இருந்தே கவனிக்க அப்பா வைத்தது அது. அவர் போன பிறகு அம்மா அங்கே உட்கார ஆரம்பித்தாள். முழங்கால் இரண்டும் போய், படி இறங்குவதை அவள் விட்டு வெகு காலமாகிறது.

சண்டை சொத்துக்காக என்றால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை போனில் வந்தது. அத்தைக்காரி நான், மணமேடையில் நின்று ஆரத்தி எடுக்க வேண்டியவள். நான் இருக்கிற மாத்தூர் என்ன மலேசியாவிலா இருக்கிறது? அண்ணனும் மதினியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நின்று, வாயால் அழைத்திருக்க வேண்டாமா? லாரி புக்கிங் ஆபீஸ்காரருக்கெல்லாம் நேரில் போய்க் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு படம், அதன் கீழே கும்பிடுகிற கை பொம்மை.

உடனே போனைப் போட்டுக் கேட்டேன்.

"நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்கும்மா தாம்பாளம்?" என்றார் அண்ணன், ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

"இனிமே உன் வாசப்படிய மிதிச்சா என்னைப் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அம்மா அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள். பேரன் கல்யாணத்துக்கு வராதவள் தனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லியனுப்பினாள். நான் போன் செய்தால், குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஆயுசு முழுக்க இருந்துவிடுவேன், அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளைக் கண்ணால் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகச் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு அந்த வாசலில் போய் நிற்கவும் என் உடம்பு வளையாது.

விழாச் செய்தியைக் கொண்டுவந்தவர் அண்ணனின் குடோனில் மூட்டை தூக்குகிறவர். மற்ற கடைகளின் சரக்கையும் ஏற்றி வருவார் என்பதால், மாத்தூரில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கும் வந்து போவார்.

"யக்கா, மேட்டரு தெர்யுமா? உங்க அண்ணாத்த குடோன்ல கச்சேரியாம். பாட்டாம், டான்ஸாம், மூணு நாளு. சரக்கு பூரா வேற எடத்துக்கு ஏத்திட்டோம். செவுத்துக்கு வெள்ள அட்ச்சிகினு கீறானுங்க."

"அவருக்கும் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இன்னா சம்பந்தம்? யாரோ கலைக்காரங்க வந்து கேட்டாங்கோ, வாடகைக்கு வுட்டுட்டாரு."

அடுத்த முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது பேனரைப் பார்த்தேன். மூட்டை சுமக்கிற ஒருவரின் வெற்று முதுகைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள், முகத்தைக் காணோம். முதுகு மட்டும் கலை போலிருக்கிறது. எரிச்சலாக வந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் இருந்ததைப் படித்ததும் எரிச்சல் நின்றுவிட்டது. அனுமதி இலவசம், அனைவரும் வருக.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், நான் விழாவுக்குப் போகிறேன் என்று. அவர் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னியே?"

"மூணு நாளைக்கு அது அவர் வாசல் இல்ல. வாடகைக்கு விட்டாச்சு. வாடகைக்கு விட்ட எடத்துல சொந்தக்காரனுக்கு என்ன அதிகாரம்?"

"வாடகைக்கு விட்டா வாசல் மாறிடுமா?"

"அப்ப நம்ம கடைய என்ன சொல்வீங்க? நம்ம வாசலா, பில்டிங்காரர் வாசலா?"

கடை வாடகைக் கட்டடம். அவர் பேச்சை மாற்றி, "உன்னை யாரும் அழைக்கலையே" என்றார்.

"அனைவரும்னு போட்டிருக்கு. அனைவரும்னா நானும்தான்."

என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எந்த நாள் போவது என்பதுதான் பெரிய கேள்வி. மூன்று நாளும் போய் உட்கார்ந்தால் அண்ணனுக்கு இளக்காரமாகிவிடும். போனால் ஒரே நாள். அந்த நாளில் அம்மா ஜன்னலில் இருந்தே ஆக வேண்டும். மூட்டைக்காரரைக் கிளறினேன். ஒத்திகையை அம்மா பார்க்கிறாளா?

"ஆயா செம காண்டுல கீது. கானா பாட சொல்லோ டமால்னு ஜன்னல சாத்திச்சு. அப்பால ஒரு பொண்ணு தரையில பொரண்டு பொரண்டு ஆட்ச்சா, ஆயா மேல இருந்துகினு 'யாராச்சும் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்டா'ன்னு ஒரே கத்து."

நிகழ்ச்சி நிரலைப் போனில் எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். கடைசி நாள் சாயங்காலம் வில்லுப்பாட்டு என்று இருந்தது. எனக்கு அது போதும். அம்மா பிறந்த ஊர்க் கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள். வில்லில் மணி குலுங்கினால் முழங்கால் வலியை மறந்து எழுந்து வருவாள். நாளும் நேரமும் முடிவாயிற்று. ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவரோரம் உட்கார வேண்டும் என்று இடமும் முடிவாயிற்று.

சேலையில்தான் சிக்கல். பீரோவைத் திறந்தால் நல்ல சேலை எல்லாம் அண்ணன் எடுத்துக் கொடுத்த பொங்கல் சீர். அவர் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பதற்கு, போகாமலே இருக்கலாம். அடியில் கிடந்த ஒரு சுங்குடியை எடுத்து இஸ்திரி போட்டேன். அந்த வீட்டுத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். போருக்குப் போகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் பஸ் நகரவே இல்லை. எல்லா லாரியையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அண்ணன் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். விழாக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள் போல, உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்றே தெரியாத கிழிந்த பேன்ட் பையனுக்கு ஒரு வாங்க. குட்டை முடிக்காரிக்கு ஒரு வாங்க. என் முறை வந்தது. கூப்பிய கை அப்படியே நின்றது. அவர் என் தோளுக்கு மேலே பார்த்து, எனக்குப் பின்னால் வந்தவருக்கு "வாங்க" என்றார். தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். அவருக்குப் பாதி முகம் அப்பா முகம். அதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

உள்ளே அடையாளமே தெரியவில்லை. வெள்ளைச் சுவர், நீல விளக்கு. காலிச் சாக்குகளை அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாக்கை உதறினால் வருகிற தும்மலை இவர்கள் ஒருநாள் தும்மிப் பார்க்க வேண்டும். நான் நினைத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

வில்லுப்பாட்டு தொடங்கியது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. கூடத்தில் விளக்கில்லை, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. அம்மா கை. எனக்கு வில்லும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் மேடை விளக்கு இந்தப் பக்கம் திரும்பி என் முகத்தில் அடித்தது. விரல்கள் கம்பியை விட்டன. ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து பின்பக்கம் போனேன். மாடிப்படிக்குக் குறுக்கே கயிறு கட்டி 'அனுமதி இல்லை' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். படி உச்சியில் அம்மா நின்றாள், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி. இளைத்திருந்தாள்.

"யாரது? விழா பாக்க வந்தவியளா?" என்றாள். "மாடிக்கு வரப்பிடாதுன்னு போர்டு தொங்குதுல்லா, படிக்கத் தெரியாதா?"

என்னைப் பெற்றவள் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றேன். கைப்பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தாகம்னு வந்தவியள வெறுமன அனுப்புனா வீட்டுக்கு ஆகாது. எனக்கு எறங்க முடியாது. மேல வந்து குடிச்சிட்டுப் போங்க."

கயிற்றைத் தாண்டி ஏறினேன். செம்பில் தண்ணீர் கொடுத்தாள், நாற்காலியைக் காட்டினாள். தான் எதிரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்த ஊரு?"

"மாத்தூர்."

"அங்கதான் எனக்குத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. வாய்க்கொழுப்பு எடுத்தவ. கூடப் பொறந்தவன் மவன் கல்யாணத்துக்கு வரல, சவத்து மூதி."

"ஏன் வரலையாம்?"

"தாம்பாளம் வச்சு அழைக்கலையாம்."

"அழைக்காத வீட்டுக்கு மானமுள்ளவ எவ போவா?"

"பெத்த வீட்டுக்கு எவளாவது விருந்தாளியா வருவாளா?"

"இப்ப என்னை எப்படி உக்கார வச்சிருக்கீங்க?"

"நீங்க விழாவுக்கு வந்தவிய" என்றாள் அம்மா வெடுக்கென்று.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அவ போன் பண்ணா நீங்க எடுத்து வச்சிடறீங்களாமே? பெத்தவ செய்யற காரியமா அது?"

அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். கீழே வில்லுப்பாட்டுக்காரர் எதற்கோ 'ஆமா' போட்டுக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மவன் சோறு திங்கேன். அவன் வீட்டுல உக்காந்துக்கிட்டு அவ கிட்ட எப்படிப் பேச? அவன் பேசுன பொறவுதான நான் பேச முடியும். இந்தக் கட்டைக்கு அது வரைக்கும் பொறுக்குமோ என்னமோ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் சேலை முந்தானையை எடுத்துப் பார்த்து, "சுங்குடியா? சாயம் வெளுத்துட்டு" என்றாள். அப்போது குடோன் பக்கமிருந்து படியில் மதினியின் குரல் கேட்டது. அம்மா முந்தானையை விட்டாள். கீழ்ப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"தண்ணி குடிச்சாச்சுல்லா? செரி, கெளம்புங்க. அடுத்த வருசமும் விழா வச்சாவன்னா வாங்க."

மதினி எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். நானும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்து, நிகழ்ச்சி நிரலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். விழா பிரமாதம் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அடுத்த வருஷம் எப்போது என்று கேட்டேன்.

"கண்டிப்பா பண்ணுவோம் மேடம். ஆனா அந்த இடத்துல இல்ல. பார்க்கிங் சுத்தமா இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அடையாறு பக்கம் பாத்துக்கிட்டிருக்கோம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. கார் வைத்திருக்கிறவனுக்காகத்தான் விழாவா என்று கேட்டேன். வெள்ளையடித்து, சாக்கைத் தொங்கவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஓடிப்போவீர்களா என்று கேட்டேன். "அங்கதான் வைக்கணும். வேற எடத்துல வச்சா எங்க அம்மாவ நான் எங்க போய்ப் பாக்கறது?" என்று கத்தினேன்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஸாரி மேடம். உங்க அம்மா நம்ம விழாவுல நடிச்சவங்களா?"

"ஆமாம்" என்றேன். "கடைசி நாள்."