நடுவில் ஒரு மஞ்சள் கோடு

என் காரின் பின்கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் ஓர் இணைய முகவரி ஒட்டியிருக்கிறது. 'சுரக்குடி', 'கார்' என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு இடையே கோடு மட்டும்தான் எனக்குப் புரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய முதலாளியின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

காரைக்காலில் அவரிடம் பல வருடம் ஓட்டுநராக இருந்தேன். திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு என் பெயர் தெரியாது, என் ஊர்ப் பெயர்தான் தெரியும். "அந்தச் சுரக்குடிக்காரர அனுப்புங்க" என்றுதான் கேட்பார்கள். சொந்தமாகக் கார் வாங்கியதும், சொல்லிவிட்டுப் போவதே மரியாதை என்று எண்ணி, தொழிலுக்கு வைக்கப்போகும் 'சுரக்குடி கார்' என்ற பெயரையும் அவரிடம் சொன்னேன். "நல்லா இருடா" என்று சிரித்தார். மறுநாள் மகள் கணினியில் தேடியபோது, அந்தப் பெயரிலான இணைய முகவரியை அவர் முந்திக்கொண்டு வாங்கியிருந்தார்.

"நடுவுல கோடு போட்டாதாம்ப்பா கெடைக்கும். ஆனா போன்ல சொல்றப்ப கோட்ட யாருப்பா ஞாபகம் வெச்சுக்குவாங்க?" என்றாள்.

அப்படியேதான் நடந்தது. நான் முகவரி சொல்வேன். கேட்டவர்கள் கோட்டை விட்டுவிட்டுத் தட்டுவார்கள். அவர் வண்டி போய் நிற்கும். என்னைத் தேடி வந்த குடும்பங்களை அவருடைய ஓட்டுநர்கள் என் கண்ணெதிரே ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் நிறுத்தத்தில் எல்லோர் முன்னாலும் முதலாளி, "என்னடா கோடு, இன்னிக்காச்சும் சவாரி உண்டா?" என்பார். நான் தலை குனிந்து கண்ணாடியைத் துடைப்பேன். அந்தச் சிரிப்பை விழுங்கினேனே தவிர, அது செரிக்கவில்லை.

பிறகு அவர் வண்டிகள் அடுத்தடுத்து விபத்தில் சிக்கின. சனிப்பெயர்ச்சிக்கு முன்பு ஒரு சோதிடர், "அடுத்தவன் ஊர்ப் பேரச் சொமக்காதீங்க, கழிச்சு விடுங்க" என்றாராம். சனி தோஷம் கழிய நளன் குளத்தில் குளித்தவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். அதைப் போலவே அவரும் அந்த முகவரியைப் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டார். குளத்தில் விட்ட துணியை எங்கள் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். காத்திருந்து, அது கைவிடப்பட்ட அன்றே மகளை வாங்கச் சொன்னேன்.

சவாரிகள் குறைந்ததும் அவர் என் வீட்டுக்கே வந்தார். "தம்பி, அந்தப் பேர எனக்கே குடுத்துடுங்களேன்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் 'ங்க' அது. நானும் முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்துப் பேசினேன்.

"விட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுங்க, முதலாளி. வர்றவங்ககிட்ட நீங்கதானே சொல்லுவீங்க?"

கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார்.

மன்னித்திருக்கலாம் என்கிறாள் மனைவி. அவர் படியிறங்கிப் போனது எனக்கு இன்றும் இனிக்கிறது. இப்போது கோடு போட்டுத் தட்டினாலும் போடாமல் தட்டினாலும் என் வண்டிதான் வரும். "இனிமே கோடு எதுக்குப்பா, சொரண்டிடலாம்" என்கிறாள் மகள். நான் விடவில்லை. சாலையில் அவர் கார் எனக்குப் பின்னால் வந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன். நன்றாகப் பார்க்கட்டும்.