ஆடாத தாங்குகோல்

ஐம்பத்து நான்கு வயதில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டவள் அவள். சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை அவளுடையது. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக வெட்டினாலும் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் மயிரிழை வித்தியாசம் வராது. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு ஒரு ஞாயிறு வேடிக்கை பார்க்கப் போனவள், மறு ஞாயிறே உறுப்பினராகிவிட்டாள். "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று முணுமுணுத்த கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மூன்றாவது வாரம் அவளுக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இரண்டு வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த அரை நிமிடத்தில் குழலின் முனை ஈ விரட்டத் தொடங்கியது. சங்கத்தின் செயலாளர்தான் வழி சொன்னார். நின்றபடியே, துப்பாக்கியைத் தாங்குகோல் மேல் வைத்துச் சுடுகிற பிரிவு ஒன்று இருந்தது.

"கோலை மட்டும் பார்த்து வாங்குங்கம்மா. அது ஆடுச்சுன்னா உங்க கையே தேவலைன்னு ஆயிடும்."

சனிக்கிழமை இருவரும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். பிடித்துப் பார்ப்பதற்கென்றே துப்பாக்கி எடையில் ஒரு மரக்கட்டை அங்கே இருந்தது. ஒற்றைக் கால் கோல் இடமும் வலமுமாகச் சாய்ந்தது. இரட்டைக் கால் கோல் பக்கவாட்டில் ஆடவில்லை, முன்னும் பின்னும் ஊஞ்சலாடியது. கடைக்காரர் நாலு கால் கோல் ஒன்றைப் பெருமையாக விரித்து வைத்தார்.

"பாறை மாதிரி நிக்கும் மேடம்."

நின்றது. ஆனால் அடுத்த குறிக்குத் திரும்ப வேண்டுமென்றால் மொத்தத்தையும் தூக்கி வைக்க வேண்டும். அவள் பிரிவில் ஐந்து குறிகள், குறிக்கு இரண்டு குண்டு, நேரமும் கொஞ்சம்தான்.

"பாறைதான். அதான் திரும்ப மாட்டேங்குது" என்றாள்.

மூன்று கால் கோலுக்கு வந்தார்கள். கட்டையை வைத்து மேலிருந்து அழுத்தினாள். ஒரு கால் சர்ரென்று உள்ளே இறங்கியது.

"களைச்சுப் போய் உட்கார்ந்துடுச்சு பாரு" என்று கணவர் சிரித்தார்.

அடுத்த மூன்று கால் கோலில், கால்களை இறுக்கும் பூட்டு அழுத்தத்துக்கு அசையவில்லை. கால்களின் நுனியில் தடித்த ரப்பர் இருந்தது. ஆனால் கடைக்காரர் தன் உயரத்துக்கு வைத்திருந்தார். பிறகு அவள் குட்டையானவள் என்பதால் ஒரேயடியாக இடுப்பு வரை இறக்கினார்.

"நான் கோலுக்குக் குனியணுமா? நெஞ்சு வரைக்கும் ஏத்துங்க."

வழுவழுத் தரையை விட்டுவிட்டு, வாசல் மிதியடியை இழுத்துப் போட்டு அதன் மேல் கோலை நிறுத்தினாள். சங்கத்தில் தரை கரடுமுரடு. சுவர்க் கடிகாரத்தின் நடுப்புள்ளியைக் குறி வைத்து ஐந்து நிமிடம் நின்றாள். தோள் வலிக்கவில்லை, முனை அசையவில்லை.

"இதையே கட்டிக் கொடுங்க" என்றாள்.

அடுத்த மாதம் போட்டி. அவள் பிரிவில் மூன்று வருடமாக முதலிடம் ஒரு வக்கீலம்மாவுக்கு. போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் வக்கீலம்மாவின் கோலில் பூட்டு உடைந்து கால் தனியே கழன்றது. வேறு கோல் இல்லாவிட்டால் விலக வேண்டியதுதான் என்றார் செயலாளர். கணவர் மனைவியின் முழங்கையைக் கிள்ளினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அவள் திறந்தாள்.

"நான் முதல் சுற்றுலயே சுட்டு முடிச்சுடுவேன். நீங்க ரெண்டாவதுதானே? என்னுதை எடுத்துக்குங்க."

அவள் சுட்டது நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு. தோள் உடைந்த பிறகு அவளே எதிர்பார்க்காத எண். வக்கீலம்மா கோலை ஒரு சாண் உயர்த்திக்கொண்டு தொண்ணூற்று மூன்று சுட்டார்.

"நம்ம கோலை வச்சே நம்மளைக் கவுத்துட்டாங்களே!" என்று கணவர் அங்கலாய்த்தார்.

"கோல் என்னங்க பண்ணும்? ஏழாவது குண்டுல நான்தான் மூச்சு விட்டுட்டேன்." அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. தான் பொறுக்கி எடுத்தது இரண்டு பேர் கையிலும் ஆடாமல் நின்றதே!

வக்கீலம்மா கோலைத் துடைத்து மடக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க இல்லேன்னா நான் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். எப்படிப் பார்த்து வாங்கினீங்க, சொல்லுங்களேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தவர், தேநீர் ஆறும் வரை எழுந்திருக்கவில்லை.

மாலையில் வந்திருந்த குடும்பத்தாருக்கும் ஆளுக்கு ஐந்து குண்டு கொடுத்தார்கள். கணவர் கோலின் பின்னால் போய், பேருந்தைத் திருப்புகிறவர் போல உடம்பையெல்லாம் வளைத்துக்கொண்டு சுட்டார். அவருடைய குறித்தாள் ஓட்டையே இல்லாமல் சுத்தமாக இருந்தது. பக்கத்துக்காரரின் தாளில் பத்து ஓட்டைகள்.

"அவர் நல்லாத்தான் சுட்டிருக்கார்" என்றார் கணவர். அவள் தன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.